எந்தப் பக்கமா ஓடுற, அம்மு?

நாற்பத்து நாலு வயதில் அம்மு ஓட ஆரம்பித்தது ஒரு வாட்ச்சின் பேச்சைக் கேட்டுத்தான். டாக்டர் சொன்னார், கேட்கவில்லை. மகள் சொன்னாள், கேட்கவில்லை. வாட்ச் சொன்னது, கேட்டாள்.

அந்த வாட்ச்சும் அவளுக்கென்று வாங்கியது இல்லை. மகள் மகிழினிக்கு ஆபீஸில் கொடுத்தது. எட்டு நாள் கட்டிப் பார்த்தாள். "ம்மா, இது சும்மா நொய்நொய்ங்குது, பேஜாரா கீது" என்று கழற்றி டிவிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டாள். வீணாகக் கிடக்கிறதே என்று மணி பார்க்க எடுத்துக் கட்டிக்கொண்டாள் அம்மு. விம்கோ நகரில் ஒரு எக்ஸ்போர்ட்டில் சட்டை மடித்துப் பெட்டியில் அடுக்குகிற வேலை அவளுக்கு. நின்ற இடத்திலேயே நாளெல்லாம் நிற்க வேண்டும். முதல் நாள் மத்தியானம் மணிக்கட்டில் குறுகுறுவென்று ஒரு துடிப்பு. பார்த்தால் ஒரு சின்ன பொம்மை கையை ஆட்டிக் கூப்பிடுகிறது, கொஞ்சம் நடந்துவிட்டு வாயேன் என்று.

சிரிக்காதீர்கள், கண்ணுங்களா. அந்த வீட்டில் சத்தம் போடுகிற சாமான் எல்லாமே அவளை எதற்காவது விரட்டுகிற சாமான்தான். குக்கர் விசில் அடித்தால் இறக்கப் போக வேண்டும். மோட்டார் சத்தம் கேட்டால் குடத்தைத் தூக்க வேண்டும். வாஷிங் மெஷின் பாட்டுப் பாடினால் துணியோடு மொட்டைமாடிக்கு. போன் அடித்தால், "அம்மு, என் லைசென்ஸ எங்க வெச்ச?" என்று புருஷன். இத்தனை வருஷத்தில் அவள் காலையும் முதுகையும் நினைத்து ஒரு சாமான் சத்தம் போட்டது அதுதான் முதல் தடவை. கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டுத் தண்ணீர் கேன் வரைக்கும் நடந்து திரும்பினாள். பொம்மை கைதட்டியது. அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது, பிடித்தும் இருந்தது.

புருஷன் டில்லிபாபு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல மனுஷன்தான், ஆனால் எந்த மெஷினைப் பற்றியும் அவனிடம் ஒரு கருத்து இல்லாமல் இராது. மிக்ஸியில் அரைத்தால் சட்னி சூடாகிவிடுகிறது. வாஷிங் மெஷின் காலர் அழுக்கை அப்படியே விட்டுவிடுகிறது. கரண்ட் குக்கரில் வடிக்கிற சோறு சோறே இல்லை.

"அப்ப ஒண்ணு பண்ணு. நீயே அம்மில அரைச்சி, நீயே கல்லுல தோச்சி, நீயே கஞ்சி வடிச்சி வெய்யி. நாளைக்கே அல்லாத்தையும் தூக்கிக் குடுத்துட்றேன்" என்பாள் அம்மு.

"நான் இன்னா சொல்றேன்னா, சார்ஜு போட்ற ஒவ்வொரு சாமானும் வூட்ல இன்னொரு புள்ள மாதிரிமே. வேளைக்குத் துன்னக் குடுக்கணும். மறந்தா மொறைக்கும்."

"போன மட்டும் நெஞ்சு மேல வெச்சினு தூங்குறியே?"

"அது மூத்த புள்ள" என்பான்.

பொம்மை கைதட்டுகிறதே என்று நடந்தாள். எக்ஸ்போர்ட்டுக்கு உள்ளே நடந்தது போதாமல் விடியற்காலையில் எழுந்து மைதானத்துக்குப் போய் நடந்தாள். ஒரு நாள் நடுவில் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்குவதற்காகத் தகரக் கொட்டகையைப் பார்த்து ஓடினாள். கொட்டகை வந்தது, தாண்டிப் போனது, அவள் நிற்கவில்லை. மழையோடு மழையாக மைதானத்தை முழுசாக ஒரு சுற்று ஓடிவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. கல்யாணத்துக்கு அப்புறம் பஸ்ஸுக்கு அல்லாமல் அவள் ஓடிய முதல் ஓட்டம் அதுதான்.

"தொரத்துறதுக்கு ஆளே இல்லாம எதுக்குமே ஓடுற?" என்று கேட்டான் டில்லிபாபு.

"ஓடி முடிச்சா ஷோக்கா கீதுய்யா. அந்த ஒரு மணி நேரம் எவனும் என்னை ஒண்ணும் கேக்குறதில்ல."

"ஷோக்கா இருக்கணும்னா நாலு பஜ்ஜி துன்னு. தெருவுல என்னைக் கேக்குறாங்க, உன் சம்சாரம் போலீஸுக்கு சேரப் போவுதான்னு."

வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. மகிழினியின் பழைய கேன்வாஸ் ஷூவும் ஒரு தொளதொள சுடிதாரும் போட்டுக்கொண்டு அவள் ஓடினாள். ஆடியில் ஒரு கிலோமீட்டர். ஐப்பசியில் ஏழு. ஒரே மூச்சில் பத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவள் மனசுக்குள் இருந்தது. ஏன் பத்து என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பத்து என்றால் நிறைவாக இருக்கிறது, அவ்வளவுதான்.

கார்த்திகையில் வடிகால் வேலைக்கென்று மைதானம் முழுக்கப் பெரிய பெரிய சிமெண்டுக் குழாய்களை இறக்கிப் போட்டார்கள். சித்திரை வரைக்கும் எடுக்க மாட்டார்களாம். அதனால்தான் அம்மு ரோட்டுக்கு வந்தாள். எர்ணாவூரில் இவர்கள் குடியிருப்பிலிருந்து வடக்கே எண்ணூர் போகிற பெரிய ரோட்டில் மூன்றரை கிலோமீட்டர் போய், அப்படியே திரும்பி வந்தால் ஏழு. கணக்கு சுலபமாக இருந்தது.

கண்டெய்னர் லாரி ஓடுகிற ரோட்டில் அம்மா தனியாகப் போகிறாளே என்று மகிழினிக்குப் பயம். வாட்ச்சில் எதையோ அழுத்தினாள். "ம்மா, நீ கீழ வுழுந்தா இது தானா கத்தும். சைரன் மாதிரி. சத்தம் கேட்டு நாலு பேர் ஓடி வருவாங்க."

ஓடி வருவார்கள் என்றுதான் அந்தப் பெண் நினைத்தாள். அந்தத் தெருவில் சைரன் கேட்டால் யாரும் ஓடி வர மாட்டார்கள், ஓடிப் போவார்கள் என்பது அவள் நினைப்புக்கு வரவில்லை. அம்முவுக்கும் வரவில்லை.

ஏனென்றால் அவர்கள் குடியிருப்புக்கு வடக்கே இருப்பதெல்லாம் கம்பெனிகள். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் அங்கே ஏதோ ஒன்றில் குழாய் விட்டுப்போய்க் கேஸ் கசிந்து, கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியது போலக் காற்று வந்தது. சைரன் அலறியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, ஜனம் முழுக்கத் தெற்கே ஓடியது. நல்ல காலம், உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அந்தத் தெருவின் தூக்கமே வேறு மாதிரி ஆகிவிட்டது. கதவுக்குப் பக்கத்தில் ஒரு ஈரத்துணி, தலைமாட்டில் ஒரு பை. வடக்கிலிருந்து எந்தச் சத்தம் வந்தாலும் பாதிப் பேர் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன்.

ரோட்டில் அவளுக்கு முதல் நாள். மகிழினிக்கு ஆபீஸில் நைட் ஷிப்டு, இன்னும் வீடு திரும்பவில்லை. மூன்றரை போய்விட்டுத் திரும்பினாள். டிரெய்லர் லாரிகள் கிளப்பிய தூசியில் மூச்சு முட்டியது. துப்பட்டாவை மூக்குக்கு மேலே சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தெரு கிட்டே வரும்போது ஐந்தே கால். லாரி நிறுத்துகிற யார்டு வாசலில் படுத்திருந்த நாய் ஒன்று, ஓடுகிறவளைக் கண்டதும் துரத்த ஆரம்பித்தது. பக்கத்துச் சந்துக்குள் திரும்பி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பறந்தாள். சந்து முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில் சாக்கடை மூடி கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. தடுக்கிக் குப்புற விழுந்தாள்.

வாட்ச் கத்த ஆரம்பித்தது.

இத்தனூண்டு சாமானுக்குள் அவ்வளவு பெரிய தொண்டை இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாய் பயந்து போய்விட்டது. அம்மு பித்தானை அழுத்தினாள், கண்ணாடியைத் தேய்த்தாள், குலுக்கினாள். நிற்கவில்லை. குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது இதுதான்: வடக்கேயிருந்து மூக்கைக் கட்டிக்கொண்டு ஒருத்தி தலைதெறிக்க ஓடி வருகிறாள், விழுகிறாள், சைரன் அலறுகிறது.

"கேஸு! கேஸு வுட்டுட்டாங்கடோய்!"

முதலில் கத்தியது யார் என்று இன்று வரை தெரியாது. அடுத்த நிமிஷம் தெரு முழுக்கக் கதவுகள் திறந்தன. ஒருத்தி இட்லி மாவுக் குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினாள், பிள்ளை அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது. ஒருவர் டிவியை விட்டுவிட்டு செட்டாப் பாக்ஸை மட்டும் பிடுங்கிக்கொண்டு வந்தார். குடியிருப்போர் சங்கச் செயலாளர் இக்னேஷியஸ், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், ஒரு கையில் சங்கத்து மினிட் நோட்டும் இன்னொரு கையில் பல்செட்டுமாக ஓடினார்.

"கேஸ் இல்ல! நான்தான்! என் வாட்ச்சு!" என்று அம்மு கத்தினாள். மூக்கைக் கட்டிய துணிக்குள்ளேயே அது அமுங்கிப்போனது. துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவர்களை நிறுத்தப் பின்னாலேயே ஓடினாள். அவள் ஓடி வருவதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். பாவம், அவள் நிற்க வேண்டியதாகப் போயிற்று.

வாட்ச் தானாக அடங்கியபோது தெருவில் கவிழ்ந்த குடங்களும் ஒற்றைச் செருப்புகளும்தான் மிச்சம்.

"அடியே அம்மு!"

மூன்றாவது மாடி ஜன்னலில் காத்தூன் பீவி. அறுபத்தெட்டு வயசு, இரண்டு முட்டியும் போய்விட்டது, மகன் நைட் ஷிப்டு. ஈரத் துண்டை மூக்கில் வைத்தபடி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பீவிம்மா, கேஸ் இல்ல! பயப்படாதீங்க!"

"அத அப்பால சொல்லு! உன் புருஷன் போறான்டி! உன்னைத் தேடினு கம்பெனி பக்கமா ஓட்றான்! இங்கேர்ந்து கத்துறேன், காதுலயே வாங்கல அந்தப் பையன்!"

அம்முவுக்கு அப்போதுதான் விளங்கியது. அவள் சந்து வழியாக வந்திருக்கிறாள். அவன் தெருமுனை வழியாகப் போயிருக்கிறான். போன் அடித்தாள். கீழ்த்தளத்தில் அவர்கள் வீட்டுக்குள்ளிருந்தே மணி கேட்டது. மூத்த பிள்ளையைச் சார்ஜில் போட்டபடியே விட்டுவிட்டு ஓடியிருக்கிறான்.

முட்டியிலிருந்து ரத்தம் வழிந்ததை அவள் பார்க்கவில்லை. திரும்பி வடக்கே ஓடினாள். ஏழு ஓடி ஓய்ந்த கால் அது. எங்கிருந்து அந்தத் தெம்பு வந்தது என்று தெரியாது. அன்றைக்கு அந்த வாட்ச் காட்டிய வேகம் அதற்கு முன்னும் அவளுக்கு வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. ரோட்டில் லாரிகள் எப்போதும் போலப் போய்க்கொண்டிருந்தன. ஒரு கிலோமீட்டருக்கு மேல் போன பிறகு, கண்டெய்னர் யார்டு மதில் ஓரமாக ஒரு வெள்ளை பனியன் தெரிந்தது. இரண்டு அடி ஓடுவான், குனிந்து முட்டியைப் பிடித்துக்கொள்வான், நிமிர்ந்து "அம்மூ" என்று கத்துவான், மறுபடி ரெண்டு அடி. ரேஷன் கடைக்கு ஆட்டோ எடுத்துக்கொண்டு போகிற மனுஷன் அவன்.

"யோவ்! நில்லுய்யா!"

திரும்பிப் பார்த்தான். அவள் முன்னாலிருந்து வர வேண்டியவள், பின்னாலிருந்து வருகிறாள். அவனுக்குப் புரியவில்லை.

"நீ... எங்கேர்ந்துமே வர்ற?"

"வூட்லேர்ந்து."

"கேஸு..."

"கேஸும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் வுழுந்துட்டேன், வாட்ச்சு கத்திட்ச்சி."

அவன் அப்படியே மதில் ஓரம் குந்திவிட்டான். மார்பு மேலும் கீழும் போய் வந்தது. அம்மு பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள்.

"மூச்ச அடக்காத. மூக்கால இஸ்து வாயால வுடு. மெதுவா."

"கேஸு வந்துட்ச்சின்னு ஓடி வந்தவன மூக்கால இஸ்துன்னு சொல்றா பாரு" என்றான். சிரிக்கப் பார்த்தான், இருமல் வந்துவிட்டது.

அவன் காலில் செருப்பு இல்லை. மூக்கில் ஒரு துணி இல்லை. ஈரத்துணி கதவுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது, அதைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. அம்மு எல்லாவற்றையும் பார்த்தாள். "கால்ல கல்லு குத்தலியா?" என்று மட்டும் கேட்டாள். "குத்துச்சி" என்றான். அவள் ஷூவைக் கழற்றி நீட்டினாள். அவன் பாதம் அதற்குள் நுழையவில்லை. ஆளுக்கு ஒரு ஷூவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேரும் வெறுங்காலோடு திரும்பினார்கள்.

இதோடு முடிந்திருந்தால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. ஆனால் தெருமுனையில் கூட்டம் நின்றது. இரண்டாவது மாடி உமைமா, எட்டு மாதக் கர்ப்பிணி, படிகளில் இறங்கி ஓடி வந்து பம்ப் ரூம் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டாள். அவள் புருஷன் சுஃபியான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தான். பத்து மணிக்குச் செய்தி வந்தது: தாயும் நல்லபடி, வயிற்றில் இருப்பதும் நல்லபடி, பயத்தில் வந்த மயக்கம்தான், ஒரு வாரம் படுத்திருக்க வேண்டும். அந்தப் பத்து மணி வரைக்கும் அம்மு ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை.

சாயங்காலம் சுஃபியான் வாசலில் வந்து நின்றான். உள்ளே வா என்று கூப்பிட்டும் கோபத்தில் வரவில்லை. "அக்கா, உங்க மேல மரியாத வெச்சிக்கீறேன். அதான் இவ்ளோதான் சொல்றேன். இனிமே ஓடாதீங்க. அவ்ளோதான்."

அம்மு தலையை ஆட்டினாள். வாட்ச்சைக் கழற்றி, மகிழினி போட்ட இடத்திலேயே டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஷூவைப் பழைய பேப்பரில் சுற்றிப் பரணில் போட்டாள். யாரும் அவளைத் திட்டவில்லை. குழாயடியில் அவள் வந்தால் பேச்சு நின்றது. அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

ஒன்பது நாள் ஓடவில்லை. நாலு மணிக்குத் தானாக விழிப்பு வரும். மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். பக்கத்தில் டில்லிபாபுவும் முழித்துக்கொண்டுதான் இருப்பான். அவள் ஓடுவதை முன்பு நூறு தரம் கிண்டல் செய்தவன், இப்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சட்னியில் உப்பு இல்லாத நாளில்கூடப் பேசவில்லை.

பத்தாம் நாள் அம்மு ஒரு டப்பாவில் கருவாட்டுத் தொக்கு எடுத்துக்கொண்டு உமைமாவைப் பார்க்கப் போனாள். அந்தப் பெண் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை மன்னிச்சிடு கண்ணு. இனிமே நான் ஓடவே மாட்டேன்" என்றாள் அம்மு. கண் கலங்கிவிட்டது.

"அய்ய, இன்னாக்கா நீங்க. மைதானத்துல நாலு மாசமா ஓடுனீங்க. நான் இந்த ஜன்னல்லேர்ந்து தெனமும் பாத்துகினுதானே இருந்தேன்? அப்பல்லாம் பயந்தேனா?"

"அன்னிக்கு சைரன்..."

"சைரனுக்கு முன்னாடியே பயந்துட்டேன்க்கா. தண்ணி குடிக்க எழுந்தேன், வெளிய பாத்தேன். நீங்க கம்பெனி பக்கத்துலேர்ந்து மூக்கக் கட்டிகினு ஓடி வர்றீங்க. அதான். அதே நீங்க கம்பெனியப் பாத்து ஓடியிருந்தா, யாரோ வேலைக்கு லேட்டாப் போறாங்கன்னு திரும்பிப் படுத்திருப்பேன்." தொக்கு டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "கேஸு வர்ற பக்கமா எவனாவது ஓடுவானா?"

அம்மு படியிறங்கும்போது பாதியில் நின்றுவிட்டாள். அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் சங்கக் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு கேன் டீ. காத்தூன் பீவியை நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். இக்னேஷியஸ் பல்செட்டைச் சரி செய்துகொண்டு எழுந்தார்.

"பொதுமக்கள் நலன் கருதி, ஒரு விஷயம். சகோதரி அம்மு அவர்கள் காலையில் ஓடுவது தொடர்பாக..."

"அதான் நிறுத்திட்டாங்களே தலைவரே" என்றது ஒரு குரல்.

"நிறுத்தினதா எழுதி கையெழுத்து வாங்கிடலாம்னுதான்."

"டில்லி, உன் சம்சாரம்தானே? நீ ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிது" என்றான் சுஃபியான்.

டில்லிபாபு எழுந்து நின்றான். மைக் இல்லாமலே ஆட்டோ ஸ்டாண்டில் கூவுகிற குரல் அவனுக்கு.

"நான் இன்னாத்த சொல்றது நைனா? அன்னிக்கு ஒரு கிலோமீட்டர்தான் ஓடுனேன், தாவு தீந்துடுச்சி. நெசமாவே கேஸு வந்திருந்தா அங்கியே வுழுந்திருப்பேன். அங்க வந்து என்னைப் புடிச்சது யாரு? முட்டி பேந்து ரத்தம் ஊத்தினுகீது, ஏற்கனவே ஏழு ஓடிட்டு வந்தவ, அத்தோட ஓடி வந்து என்னைப் புடிச்சா. நாளைக்கு ஒண்ணு ஆனா என்னை இஸ்துகினு வர்றதுக்கு இந்த ஊர்ல அவ ஒருத்திதான் கீறா. அவளப் போயி ஓடாதன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அம்மு தலையைத் தூக்கவில்லை. அவள் பக்கத்தில் இருந்த மகிழினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இஸ்துகினு வர்றதப் பத்தி யாரு பேசுறது?" என்று ஆரம்பித்தாள் காத்தூன் பீவி. "அல்லாரும் ஜல்தி ஜல்தியா ஓடுனீங்களே, மூணாவது மாடில ஒரு கெழவி கீறாளேன்னு எவனாவது நெனச்சீங்களா? இட்லி மாவத் தூக்கினு போனீங்க. டிவி பொட்டியத் தூக்கினு போனீங்க. கேஸு இல்லன்னு மேல பாத்து எனக்குச் சொன்னவ இந்த அம்மு ஒருத்திதான்."

செட்டாப் பாக்ஸ்காரர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அம்மு எழுந்தாள். கூட்டத்தில் அவள் பேசியதே இல்லை. "நான் ஒண்ணு கேக்கலாமாண்ணே? உமைமா ஒரு வார்த்த சொல்லிச்சி. கம்பெனி பக்கத்துலேர்ந்து ஓடி வந்தாத்தான் பயமாம். கம்பெனியப் பாத்து ஓடுனா ஒண்ணும் தோணாதாம். மைதானம் சித்திரை வரைக்கும் இல்ல. நான் தெக்க போயி அங்கேர்ந்து ஆரம்பிச்சி, வூட்டப் பாத்து ஓடி வந்தா... அது வடக்கப் பாத்து ஓடுறதுதானே?"

எல்லோரும் மனசுக்குள் தெருவைப் படுக்க வைத்துத் திசை பார்த்தார்கள்.

"கரெக்டுதான்" என்றார் இக்னேஷியஸ் மெதுவாக. "கேஸு வர்ற பக்கமா யாரும் ஓட மாட்டாங்க."

"இவ புருஷன் ஓடுனானே" என்றாள் காத்தூன் பீவி.

கூட்டம் குபீரென்று சிரித்துவிட்டது. சுஃபியான்கூடச் சிரித்தான். டில்லிபாபு காது வரைக்கும் சிவந்துபோய், "ஆயா, கம்முனு டீ குடி" என்றான்.

"ஒரு பொம்பள தெருவ வுட்டு ஓடிப் போனாத்தான்டா நாலு பேர் பேசணும். ஓடி வந்தா உங்களுக்கு இன்னாடா போவுது?" என்றாள் கிழவி.

இக்னேஷியஸ் மினிட் நோட்டைத் திறந்து எழுதியதை உரக்கப் படித்தார்: "சகோதரி அம்மு கம்பெனியை நோக்கி ஓடலாம். கம்பெனியிலிருந்து ஓடக்கூடாது. மூக்கைக் கட்டக்கூடாது. வாட்ச் குடியிருப்பு எல்லைக்குள் சத்தம் போடக்கூடாது." மகிழினி அந்த இடத்திலேயே எதையோ அழுத்திச் சைரனை எடுத்துவிட்டாள். அம்மு கையெழுத்துப் போட்டாள். சாட்சியாகச் சுஃபியான் போட்டான். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, "தூசிக்கு இன்னா பண்ணுவீங்கக்கா?" என்று தணிந்த குரலில் கேட்டான். "லாரி வந்தா நின்னு திரும்பிக்கிறேன்பா" என்றாள்.

தெற்கே எப்படிப் போவது என்பது அடுத்த கேள்வி. அதற்குக் கூட்டம் தேவைப்படவில்லை. டில்லிபாபுவின் முதல் சவாரி காசிமேட்டிலிருந்துதான். ஏலத்தில் மீன் எடுத்த பெண்களை அன்னக்கூடையோடு ஏற்றிக்கொண்டு எண்ணூர் வரைக்கும் வருவான். போகும்போது வண்டி காலி. மறுநாள் ஐந்தரைக்கு அவன் ஆட்டோவை உதைத்துக் கிளப்பிவிட்டு, உள்ளே பார்த்துக் கத்தினான்: "வர்றியா, இல்ல நான் கெளம்பட்டா?"

முதல் வாரம் திருவொற்றியூர் தேரடியில் இறங்கிக்கொண்டாள். வீடு வரைக்கும் நாலு கிலோமீட்டர்தான், காலுக்குப் போதவில்லை. அடுத்த வாரம் டோல்கேட். தை பிறந்த பிறகு ஒரு நாள் டோல்கேட்டில் அவன் வண்டியை நிறுத்தப்போனபோது, "இன்னும் கொஞ்சம் போ" என்றாள். எவ்வளவு தூரம் என்று அவன் கேட்கவில்லை. காசிமேட்டையும் தாண்டி, ராயபுரம் பக்கம் கல்மண்டபத்துக்கிட்டே கொண்டுபோய் இறக்கிவிட்டான். "இங்கேர்ந்து பத்து கீது. மீட்டர் பாத்துட்டேன்" என்றான்.

அவள் ஷூக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு வடக்கே பார்த்து ஓட ஆரம்பித்தாள்.

காசிமேட்டுக்குத் திரும்பிப் போய் மீன்காரப் பெண்களை ஏற்றிக்கொண்டு அவன் வருவதற்குள் நன்றாக வெளுத்துவிட்டது. எட்டுப் பேர், எட்டு அன்னக்கூடை, சிலுசிலுவென்று மீன் தண்ணீர் காலில் ஒழுகியது. தேரடி தாண்டி, இடது ஓரமாக அந்தத் தொளதொள சுடிதார் தெரிந்தது. வேகமும் இல்லை, நிற்கவும் இல்லை, ஒரே சீராகப் போய்க்கொண்டிருந்தாள். டில்லிபாபு வேகத்தைக் குறைத்தான். ஹாரன் அடிக்கவில்லை. அவளும் திரும்பவில்லை. எந்த ஆட்டோ என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரியும், கையை மட்டும் கொஞ்சம் தூக்கினாள்.

முன் சீட்டில் அவனை ஒட்டி உட்கார்ந்திருந்த மீன்காரம்மா, அந்த ரூட்டுக்குப் புதுசு, எட்டிப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது, காலங்காத்தால அந்தப் பொம்பள இப்பிடி ஓடுது? எங்க போவுது?"

டில்லிபாபு கண்ணாடியில் அம்முவை ஒரு தரம் பார்த்துக்கொண்டான்.

"வூட்டுக்குப் போவுதும்மா" என்றான்.